குழந்தையின் முகத்துக்கு எவ்வளவு மென்மை போதும்?

குழந்தையின் உருவப்படத்தைத் திருத்த உட்காரும்போது எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டுதான். முகம் எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு நிழலோடு, எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. இதைப் புகைப்படக்காரர்கள் டோன் என்கிறார்கள். முகத்தின் கோடுகளும் தோலின் பரப்பும் எவ்வளவு கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பது மற்றொன்று. அதுதான் மென்மை. இவை தனித்தனி வேலைகள் போலத் தோன்றும். ஆனால் டோனைச் சரியாக வைத்துவிட்டால் மென்மைக்கென்று செய்ய வேண்டியதில் பெரும்பகுதி தானாகவே முடிந்துவிடும். பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். படத்தைத் திறந்ததும் தோலை வழவழப்பாக்குகிறார்கள். பிறகு ஏதோ குறைகிறதே என்று கான்ட்ராஸ்ட்டை ஏற்றுகிறார்கள். ஏற்றியதும் மறைந்திருந்த திட்டுகள் மேலே வந்து நிற்கும். மறுபடியும் வழவழப்பு, மறுபடியும் கான்ட்ராஸ்ட். இரண்டு சுற்று போவதற்குள் குழந்தை மெழுகு பொம்மை ஆகிவிடுகிறது.

பெரியவர்களின் முகத்துக்காக உருவான திருத்த முறைகள் குழந்தைக்குப் பொருந்தாமல் போவதற்கு உடற்கூறே காரணம். பிறக்கும்போது கண்ணின் விட்டம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்; வளர்ந்தவருக்கு 24. உடல் மூன்று மடங்குக்கு மேல் உயரும் காலத்தில் கண் இவ்வளவுதான் வளர்கிறது. கருவிழிக்கு மேலே இருக்கும் கார்னியா இரண்டு வயதை ஒட்டியே முழு அளவை நெருங்கிவிடும். ஆகவே சின்ன முகத்தில் கண் ஏற்கெனவே பெரிதாகத் தெரிகிறது. கண்ணைப் பெரிதாக்கும் கருவிக்கு அங்கே வேலையில்லை. கண்ணின் வெள்ளைப் பகுதி குழந்தைகளுக்கு மெல்லியது, அதனால் லேசான நீலம் கலந்து தெரியும். அதை மேலும் வெளுப்பாக்கினால் பீங்கான் கண் வந்துவிடும். பால் பற்களும் நிரந்தரப் பற்களைவிட வெண்மையானவை; பல்லை வெளுக்கும் கருவியையும் தொட வேண்டாம்.

இதைவிட முக்கியமானது வடிவம். பெரியவரின் முகத்தில் வடிவத்தைக் காட்டுபவை கன்ன எலும்பு, தாடை, மூக்குத் தண்டு, சுருக்கங்கள். குழந்தையின் முகத்தில் இவை எதுவும் துருத்தி நிற்பதில்லை. கொழுத்த கன்னத்தின் மேல் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்து நிழலுக்குள் போகிறதே, அந்தச் சாய்வு ஒன்றுதான் அந்த முகம் உருண்டையானது என்று கண்ணுக்குச் சொல்கிறது. கான்ட்ராஸ்ட்டை அதிகம் ஏற்றினால் அந்தச் சாய்வு ஒரே வெட்டாகச் சுருங்கிவிடும். வெளிச்சத்தை அதிகம் ஏற்றினால் வெளுத்துத் தட்டையாகும். குழந்தைப் படத்தில் மென்மை என்று பார்ப்பவர் உணர்வது பெரும்பாலும் இந்தச் சாய்வின் நீளத்தைத்தான். தோலின் நுண்துளைகள் தெரிகின்றனவா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. குழந்தைக்கு நுண்துளைகளே கண்ணுக்குப் படாத அளவில் இருப்பதால் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

முதலில் வெளிச்சம். ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறை இன்றும் நல்ல அளவுகோல். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வெளிச்சம் இரு மடங்கு. வெயில் படும் பக்கத்தில் வெள்ளையரின் தோல் ஆறாம் படியில் விழும் என்பது அவர்கள் கணக்கு. மாநிறமும் அதற்கு மேற்பட்ட கருமையும் ஐந்தை ஒட்டி விழும். கணினியின் 0 முதல் 255 வரையிலான அளவில் நடுச் சாம்பல் 118 பக்கமும், ஆறாம் படி 162 பக்கமும் வரும். தமிழ்நாட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோரின் முகத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயாவது இடம் உண்டு. நல்ல கருப்பான குழந்தைக்கு 118-க்குக் கீழேயும் போகலாம். இந்த எண்கள் முகத்தை இழுத்துப் பொருத்துவதற்கான சட்டகம் அல்ல. கருத்த பிள்ளையின் கன்னம் 200-ஐத் தொட்டு நின்றால், எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று எச்சரிக்கும் மணி, அவ்வளவுதான்.

தப்பு கேமராவிலேயே தொடங்கியிருக்கலாம். காட்சியின் சராசரி நடுச் சாம்பல் என்று கருதித்தான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும் மாநிறக் குழந்தையை எடுத்தால், சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். அதே குழந்தை கருநீலத் திரைக்கு முன்னால் நின்றால் முகம் வெளுக்கும். இப்போதைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன என்றாலும், எந்த நிற முகத்தை வைத்து அவை பழகின என்பதைப் பொறுத்துத்தான் பலன். கூகுள் 2021-இல் பிக்சல் 6 ஃபோனோடு ரியல் டோன் என்ற வசதியைக் கொண்டுவந்ததே, கருத்த தோல்களைக் கேமரா சரியாகக் காட்டுவதில்லை என்ற குறையைச் சரிசெய்யத்தான்.

இங்கே தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய வழக்கம் ஒன்றைப் பேசாமல் நகர முடியாது: குழந்தையைச் சிவப்பாக்குவது. இந்தப் பழக்கத்துக்கு ஆரம்பத்தில் ஓரளவு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கொலோடியன் தகடுகளும் அதன் பின் வந்த சாதாரண உலர் தகடுகளும் ஏறக்குறைய நீல ஒளியை மட்டுமே உணர்ந்தன. பழுப்புத் தோல் நீலத்தை அதிகம் விழுங்கிவிடும். ஆகவே மாநிறக்காரர் படத்தில் கன்னங்கரேலென்று விழுந்தார். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வோகல் 1873-இல் சாயம் சேர்த்துத் தகட்டைப் பச்சைக்கும் உணர்வுள்ளதாக மாற்றினார். எல்லா நிறங்களையும் உணரும் பாங்குரோமாட்டிக் தகடுகள் 1906-இல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதுவரை ஸ்டுடியோக்காரருக்கு இருந்த வழிகள் இரண்டு. முகத்தில் பவுடரை அப்பலாம். இல்லையென்றால் நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் மெல்லத் தீட்டலாம். நெகட்டிவில் கருப்பு சேரும் இடம் பிரிண்டில் வெளுக்கும் அல்லவா? டச்சப் என்று பெயர் பெற்ற அந்தக் கைவேலை நுட்பமானது. சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரச் செய்து, புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள். தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புத் திட்டமும் சேர்ந்து தேடிச் சேர்த்திருக்கின்றன. 1880 தொடங்கி நூறாண்டுப் படங்கள் அந்தத் தொகுப்பில் இருப்பதால், அக்கால முகங்கள் எப்படி அச்சாயின என்று பார்க்க நினைப்பவருக்கு நல்ல இடம்.

தகட்டின் குறை தீர்ந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. வெளுக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. இன்று அதற்குப் பென்சில் வேண்டாம். லைட்ரூமில் ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வை ஏற்றும் ஸ்லைடர் ஒன்று போதும். தோலின் நிறம் ஆரஞ்சு வட்டத்துக்குள் அடங்குவதால் முகம் சட்டென்று வெளுத்துவிடும். கூடவே தங்கச் சங்கிலி, மரக் கதவு, அம்மாவின் காவி நிறப் புடவை எல்லாம் வெளுக்கும். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்தால் கையும் காலும் பழைய நிறத்திலேயே நின்று காட்டிக்கொடுக்கும். பெற்றோரே கேட்கிறார்கள் என்பது ஸ்டுடியோக்காரர் பக்கத்து நியாயம். கேட்பவரும் உண்டுதான். ஆனால் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய சுவரின் கீழேயே வளரப்போவது அந்தக் குழந்தை. நிறத்தை மாற்றாமல் முகத்தைப் பளிச்சென்று காட்ட முடியும்போது, மாற்றுவதற்குத் திருத்துபவரிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

பளிச்சென்று காட்டும் வழி, நடு டோனை மட்டும் தூக்குவது. கர்வ்ஸ் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து லேசாக மேலே இழுத்து, கருப்பு முனையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நிழலைத் தூக்கும் ஸ்லைடரை வைத்து முகத்தை வெளிச்சமாக்க முயல்வது பழுப்புத் தோலுக்கு ஆகாது. ஆழமான கருப்பு போய்விடுவதால் தோல் சாம்பல் பூத்தது போல ஆகும். குளிர்காலத்தில் எண்ணெய் வைக்காத முழங்கால் ஞாபகத்துக்கு வரும். அப்படி ஆகிவிட்டால் கருப்பு முனையைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஆரஞ்சின் செறிவைத் துளி கூட்டினால் உயிர் திரும்பும். கருத்த தோலின் அழகு பெரும்பாலும் அதன் மேல் விழும் பளபளப்பில் இருக்கிறது: நெற்றியின் மேடு, மூக்கு நுனி, கன்னத்தின் உச்சி. இந்தச் சிறு வெளிச்சத் திட்டுகளை எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து அழித்துவிட்டால் முகம் செத்துப்போகும்.

பவுடர் இன்னும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்தநாள் படத்துக்கு வரும் பிள்ளைகளில் முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக வருபவர்கள் ஏராளம். இந்த இடத்தில் கழுத்தை வெளுக்காமல், முகத்தைக் கழுத்தின் டோனுக்கு இறக்குவதுதான் சரி. அதுதான் பிள்ளையின் நிறம்.

அடுத்தது சாயல். தோலின் நிறத்தைத் தருவது மெலனினும் ரத்தமும். யாருடைய தோலானாலும் சாயல் ஏறக்குறைய ஒரே சிறு வட்டத்துக்குள் விழும்; வேறுபடுவது வெளிச்சமும் செறிவும்தான். வீடியோக்காரர்கள் பார்க்கும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரே ஒரு கோடு இருப்பது இதனால்தான். எண்களில் பார்த்தால் சிவப்பு அதிகம், பச்சை அடுத்தது, நீலம் குறைவு. பச்சையை நீலம் நெருங்கினால் முகம் ரோஸ் பவுடர் நிறமாகும். சிவப்பைப் பச்சை நெருங்கினால் மஞ்சள் காமாலை. கன்னத்தில் மவுஸை வைத்து இந்த மூன்று எண்களைப் பார்க்கும் பழக்கம், மானிட்டர் சரியில்லாத இடத்திலும் கைகொடுக்கும்.

சாயல் கெடுவது பெரும்பாலும் சுற்றுப்புறத்தால். மஞ்சள் பல்பு 2,700 முதல் 3,000 கெல்வின், நண்பகல் வெயில் 5,500 பக்கம், மர நிழல் 7,000-ஐத் தாண்டும். ஒரு கன்னத்தில் ஜன்னல் வெளிச்சமும் மறு கன்னத்தில் டியூப் லைட்டும் விழுந்தால் ஒரே ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் சரிசெய்யாது. ஏதாவது ஒரு பக்கத்துக்கு வைத்துவிட்டு மறுபக்கத்தை மாஸ்க் போட்டுத்தான் இழுக்க வேண்டும். டியூப் லைட்டை முன்கூட்டியே அணைத்திருந்தால் இந்த வேலையே இல்லை. அரக்குப் பட்டுப்பாவாடை மோவாயின் அடியில் சிவப்பைத் தெளிக்கும். தோட்டத்தில் எடுத்தால் கழுத்தில் பச்சை ஏறும். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை தனி வகை. தலை முழுக்க மஞ்சளாகச் சட்டத்தை நிறைக்கும்போது, கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதை விளக்கின் மஞ்சள் என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடலாம், முகம் வெளிறும். ரா கோப்பாக எடுத்திருந்தால் ஒயிட் பேலன்ஸைத் திரும்ப வைப்பது எளிது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. நீளமான சாய்வை உடையாமல் காக்க இந்தப் படிகள் தேவைப்படுகின்றன.

சாயலைச் சரிபார்க்கக் கண்ணின் வெள்ளையைக் கிளிக் செய்யும் வழக்கம் குழந்தைகளிடம் பலிக்காது. அந்த வெள்ளை நீலம் கலந்தது என்பதால், அதைச் சாம்பல் என்று மென்பொருளிடம் சொன்னால் முகமெல்லாம் மஞ்சளேறும். வேட்டி, பனியன், சுவர்க் கடிகாரத்தின் முகப்பு என்று வேறு எதையாவது தேடுவது நல்லது.

கண் மை இன்னொரு சிக்கல். கண்ணுக்குள்ளும் புருவத்திலும் அடர்த்தியாக மை தீட்டிய கைக்குழந்தையின் படத்தில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் மை, இமைமுடி, கண்மணி மூன்றும் ஒன்றாகி முகத்தில் இரண்டு கருங்குழிகள் நிற்கும். கண்ணைச் சுற்றி மட்டும் நிழலைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். கண்ணில் விழுந்த ஜன்னலின் வெள்ளைப் புள்ளி பத்திரமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளி இல்லாத கண், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தூங்கி வழியும்.

கருப்பு-வெள்ளைக்கு மாற்றுவதில் டோனும் மென்மையும் ஒரே கைப்பிடியில் வந்துவிடுகின்றன. தோலின் திட்டுகள், கொசுக்கடி, சிவப்பு எல்லாம் நீலச் சேனலில் மிகக் கடுமையாகத் தெரியும். மெலனினும் ரத்தமும் நீலத்தை விழுங்குவதே காரணம். அதே முகம் சிவப்புச் சேனலில் ஒன்றுமே நடக்காதது போல வழுவழுவென்று இருக்கும். ஆகவே சிவப்பின் பங்கைக் கூட்டி மாற்றினால் ஒரு பிக்சலைக்கூட மங்கலாக்காமல் மென்மை கிடைக்கிறது. அளவு மீறினால் உதடும் தோலும் ஒரே வெளிச்சமாகி உதடு காணாமல் போகும். அப்போது பச்சையைக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவரலாம். வெளுக்கும் ஆசைக்கு இதுவும் ஒரு வாசல்தான் என்பதால், முடிவில் முகத்தின் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. செபியா சாயம் பூசுவது இன்று வெறும் ரசனை. இருட்டறைக் காலத்தில் அது படத்தின் வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றி ஆயுளைக் கூட்டும் வேதிவினையாகவும் இருந்தது. நேற்று எடுத்த படத்தைப் பாட்டி காலத்துப் படமாக்கும் அடர்த்தியில் அதைப் பூசத் தேவையில்லை. நிழல்களில் மட்டும் துளி சூடு சேர்த்தால் குழந்தை முகத்துக்குப் போதும்.

இனி மென்மை. இதற்கு வரலாற்றில் ஒரு மூதாட்டி உண்டு. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு 48-ஆம் வயதில், 1863-இல், மகள் ஒரு கேமராவைப் பரிசளித்தாள். அடுத்த மாதமே, 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தைத் தன் முதல் வெற்றி என்று அவர் குறித்துக்கொண்டார். மற்றவர்கள் லென்ஸைத் திருகித் திருகிக் கூர்மை தேடியபோது, பார்க்க அழகாக இருந்த இடத்தில் அவர் நிறுத்திக்கொண்டார். அக்கால விமர்சகர்கள் பலர் அதைக் கைப்பிழை என்று திட்டினார்கள். 1875-இல் கணவரோடு இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவருடைய குழந்தைப் படங்களை இன்று பார்த்தால் ஒன்று தெரியும். கோடுகள் மங்கியிருந்தாலும் டோன் கெட்டுப்போவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கன்னத்தில் ஏறி, நெற்றியில் தங்கி, காதோரம் இருட்டுக்குள் போகிறது. அந்தச் சாய்வு அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் மங்கல் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. டோன் தட்டையான படத்தில் அதே மங்கலைச் செய்தால் அது வெறும் ஃபோகஸ் தவறிய படம்.

பின்னால் மென்மைக்கென்றே லென்ஸ்கள் வந்தன. லென்ஸின் விளிம்பு வழியாக வரும் கதிரும் மையம் வழியாக வரும் கதிரும் ஒரே இடத்தில் குவியாத குறையை மற்ற லென்ஸ்களில் திருத்துவார்கள். இவற்றில் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். பலன், கூர்மையான ஒரு பிம்பத்தின் மேல் மங்கலான இன்னொரு பிம்பம் படிவது. ரோடன்ஸ்டாக்கின் இமாகன், கேனான் 1987-இல் கொண்டுவந்த 135 மி.மீ. சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் எல்லாம் இந்த வகை. இமைமுடி ஒவ்வொன்றும் தெரியும், அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளியும் தெரியும். வசதி இல்லாதவர்கள் ஃபில்டரில் வாசலின் தடவினார்கள், லென்ஸுக்கு முன்னால் நைலான் காலுறையை இழுத்துக் கட்டினார்கள். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது என்லார்ஜருக்குக் கீழே அதே காலுறையைப் பிடித்தவர்களும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கேமராவில் கட்டினால் வெளிச்சம் நிழலுக்குள் கசியும். என்லார்ஜரில் பிடித்தால் நிழல் வெளிச்சத்துக்குள் கசியும். முன்னது குழந்தைக்கு ஏற்றது. பின்னது பாழடைந்த மண்டபத்துக்குப் பொருந்தும்.

ஃபோட்டோஷாப்பிலோ காசில்லாத கிம்ப்பிலோ இதைச் செய்வதும் இதே தர்க்கம்தான். டோன் வேலை முடிந்த படத்தின் லேயரை நகலெடுத்து, நகலுக்குக் காஸியன் பிளர் கொடுத்து, கலக்கும் முறையை லைட்டன் என்று வைத்தால் வெளிச்சம் மட்டும் நிழலுக்குள் பரவும். கேமரா முன் கட்டிய காலுறைக்கு நிகர். டார்க்கன் என்று வைத்தால் என்லார்ஜர் காலுறை. பிளரின் அளவை முகத்தின் அகலத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். முகம் 1,000 பிக்சல் அகலம் என்றால் 10 முதல் 20 பிக்சல் வரை நல்ல தொடக்கம். அதே எண்ணைக் குடும்பப் படத்தில் 150 பிக்சல் அகலமே உள்ள முகத்துக்குப் போட்டால் முகமே கரைந்துவிடும். பிறகு ஒப்பாசிட்டியை 0-க்கு இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். 100-லிருந்து இறக்கிக்கொண்டு வருபவர் எப்போதும் தேவைக்கு அதிகமான இடத்தில் நின்றுவிடுவார், கண் அதற்குப் பழகிவிடுவதால். 20, 30 சதவீதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். 50 வேண்டியிருக்கிறது என்று தோன்றினால் குறை டோனில் இருக்கிறது. திரும்பிப் போய் அதைத்தான் பார்க்க வேண்டும்.

லேயரில் மாஸ்க் போட்டுக் கண், புருவம், உதடு, மூக்குத் துவாரத்தின் விளிம்பு, முன்நெற்றி முடி ஆகியவற்றை விடுவிப்பது கட்டாயம். பட்டுப்பாவாடையின் ஜரிகையையும் விடுவிக்க வேண்டும்; லைட்டன் முறையில் ஜரிகையின் ஒவ்வொரு மினுக்கும் ஒரு வெள்ளைத் திட்டாக ஊறிப் பரவும். பின்னணி கருப்பாக இருந்தால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் போல வெளிச்சம் கசியும். கிருஷ்ண ஜெயந்திக்கு வேஷம் கட்டிய குழந்தைக்கு அது பொருத்தம் என்று சிலர் வாதிடலாம். மற்றவர்கள் அதையும் மாஸ்க் போட்டு நீக்கலாம்.

வெயிலில் எடுத்த படத்தில் மூக்கின் நிழல் கத்தி போல விழுந்திருந்தால் பிளர் உதவாது. அங்கே தேவை, நிழல் விளிம்பின் இரு பக்கமும் டோனைப் படிப்படியாக ஏற்றி இறக்குவது. 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் முறையில் வைத்து, 2 அல்லது 3 சதவீத ஃப்ளோவில் பெரிய பிரஷ்ஷால் வெள்ளையும் கருப்பும் தடவிக்கொண்டே போனால், அரை மணி நேரத்தில் வெட்டு சாய்வாக மாறும். பழைய டச்சப் பென்சிலின் நேரடி வாரிசு இது. பொறுமை வேண்டும், ஆனால் எந்த ஸ்லைடரும் தராத பலன் இதில் உண்டு.

ஒரே இழுப்பில் மென்மை தரும் ஸ்லைடர்களும் இருக்கின்றன. கிளாரிட்டி, நடு டோன்களின் உள்ளூர் கான்ட்ராஸ்ட்டை மாற்றுவது. மைனஸ் 10, 15 வரை குழந்தை முகம் தாங்கும், அதற்கு மேல் பனி மூடும். 2019-இல் லைட்ரூமில் சேர்ந்த டெக்ஸ்ச்சர் அதைவிட நுண்ணிய அளவில் வேலை செய்வதால், முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் குறைக்கும்போது பாதிப்பு குறைவு. சர்ஃபேஸ் பிளர், தோலை வழவழப்பாக்கும் தானியங்கிக் கருவிகள் ஆகியவற்றின் சிக்கல் வேறு. குழந்தையின் கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் இருக்கும் பூனைமுடியை அவை அழுக்காகக் கருதித் துடைத்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தப் பூனைமுடி தரும் மெல்லிய விளிம்புதான் குழந்தைத் தோலின் அடையாளம். ஃப்ரீக்வென்சி செபரேஷன் என்கிற முறை, அதாவது நிறத்தையும் நுண்விவரத்தையும் இரு லேயராகப் பிரித்துத் தனித்தனியே திருத்துவது, விளம்பரப் படக்காரர்களின் செல்லப்பிள்ளை. குழந்தைக்கு அது தேவைப்படும் சந்தர்ப்பம் குறைவு. கன்னத்தில் கொசு கடித்துச் சிவந்து பரவியிருந்தால், அந்த நிறத்தை மட்டும் ஆற்றப் பயன்படும்.

எதை அழிக்கலாம் என்பதற்குச் சிக்கலில்லாத விதி ஒன்று உண்டு. அடுத்த வாரம் இருக்காதது போகலாம்: பிஸ்கட் துகள், கீறல், கொசுக்கடி, எச்சில். மூக்கு ஒழுகலும் இதில் சேரும் என்றாலும், கைக்குட்டை எந்த மென்பொருளையும்விட வேகமானது. இருந்துகொண்டே இருப்பவை இருக்கட்டும்: மச்சம், பிறவித் தழும்பு, இடது தோளில் பிசிஜி ஊசியின் வடு. விழுந்த முன்பல்லின் இடைவெளி சில மாதங்களில் மறைந்துவிடும் என்றாலும் அதுவும் இருக்கட்டும், இந்த விதிக்கு அது விலக்கு. அதை நிரப்பிக் கொடுக்கும் புண்ணியவான்களும் ஊரில் இருக்கிறார்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை மென்பொருள் கறை என்று கண்டுபிடித்துத் துடைக்கப் பார்க்கும், விடக்கூடாது. அந்தப் பொட்டு இல்லாத படத்தைப் பாட்டி ஏற்கமாட்டாள் என்பது ஒரு பக்கம். வெளிச்சமான கன்னத்தில் நிற்கும் அந்தக் கருப்பு, படத்தின் ஆழமான டோனுக்கு அளவுகோலாக உதவுகிறது என்பது இன்னொரு பக்கம்.

வயதுக்கு வயது மென்மையின் தேவை மாறும், ஆனால் நினைப்பது போல அல்ல. பிறந்து சில நாளே ஆன சிசுவின் தோல் பெரும்பாலும் மென்மையாகத் தெரிவதில்லை. தோல் உரியும், சிவப்பும் சில நேரம் காமாலை மஞ்சளும் திட்டுத் திட்டாக இருக்கும், கைகால் நீலம் பாரிக்கும், மூக்கில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அங்கே பிளரைவிட நிறங்களைச் சமன் செய்வதுதான் வேலை. சிவப்பின் செறிவைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி அமைதி வந்துவிடும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை எதுவும் தேவையில்லை என்றே சொல்லலாம். தூங்கும் குழந்தைக்கு கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து இதமாக வைக்கலாம். மண்ணில் புரண்டு சிரிக்கும் ஐந்து வயதுப் பையனுக்கு அதே மென்மையைப் போட்டால் சிரிப்பே மங்கிவிடும். அவனுக்குக் கூர்மைதான் பொருத்தம், முழங்கை அழுக்கோடு சேர்த்து. 11, 12 வயதில் முகப்பரு தொடங்கியிருந்தால் எதை நீக்குவது என்று பிள்ளையிடமே கேட்பது மரியாதை.

ஃபோனில் எடுத்த படங்களுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. பல ஃபோன்களில், குறிப்பாக முன்பக்கக் கேமராவில், அழகூட்டும் வசதி கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே தோலைத் தேய்த்துவிட்ட படத்தின் மேல் இன்னொரு மென்மை ஏறினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எடுக்கும் முன்பே அமைப்புகளில் அதை அணைத்துவிட வேண்டும். எடுத்தபின் இழந்த விவரத்தை மீட்க வழியில்லை. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்கிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் விவரத்தை மீட்பதில்லை, ஊகித்து வரைகின்றன. வரும் முகம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளை.

கூர்மையூட்டுவது கடைசி வேலை. படத்தை எந்த அளவில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த அளவுக்குச் சுருக்கியபின் செய்வது. கண்ணுக்கும் இமைமுடிக்கும் மட்டும் போதும், கன்னத்தில் கூடாது. நூறு சதவீதப் பெரிதாக்கலில் பார்த்துத் திருத்துபவர்கள் எப்போதும் அதிகமாகத் திருத்திவிடுவார்கள். 8க்கு 12 அங்குல பிரிண்ட்டை யாரும் மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்பதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அனுப்பினால் அது 2,400க்கு 3,600 பிக்சல், கையெட்டும் தூரத்தில் அழகாக நிற்கும். மானிட்டரின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தினால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை இறக்கி வைப்பது அச்சுக்குத் திருத்துவோரின் வழக்கம். அளக்கும் கருவி இல்லாதவர் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெள்ளை அதைவிடக் கண்ணைப் பறிக்காத அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மேட் தாளில் கருப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது என்பதால் படம் தானாகவே ஒரு பிடி மென்மை ஏறி வரும். பளபளக்கும் தாளில் அந்தச் சலுகை இல்லை. இரண்டில் எது என்று முன்பே முடிவு செய்துவிட்டால், லைட்டன் லேயரின் ஒப்பாசிட்டியை மேட்டுக்கு 5, 10 சதவீதம் குறைத்தே அனுப்பலாம். லேயர்களைச் சேர்த்து மூடாமல் கோப்பைச் சேமித்து வைத்திருந்தால், முதல் பிரிண்ட்டைப் பார்த்தபின் இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம்.